நகையும் பெருமிதமும்

நுழையும்முன்

சிரிப்பு மனிதர்களை இணைக்கும். அதே சிரிப்பு ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்கியும் வைக்கும். ஒருவரின் நிறம், உயரம், பருமன், நடை, பார்வை ஆகியவற்றைச் சுட்டி எழும் சிரிப்பு எளிதில் பிறக்கிறது. ஆனால், எளிதில் மறைவதில்லை. அதற்கு ஆளானவர் பல்லாண்டுகள் அதைச் சுமக்கிறார். இத்தகைய சிரிப்பைத் தம் கையில் எடுத்து, அதன் திசையைத் திருப்பியவர்கள் உலகின் பல பகுதிகளிலும் உள்ளனர். அவர்களுள் ஒருவரான இந்திய மேடைக் கலைஞர் நிதி கோயலின் பணியையும், அதன் பின்னணியிலுள்ள உடலேற்புச் சிந்தனையையும் இப்பாடம் விளக்குகிறது.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலாவதாக வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்று வகுத்தார். எள்ளல் என்பது இகழ்ச்சி. இதற்கு உரை கண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளுவதால் பிறக்கும் நகை, பிறர் தன்னை எள்ளியபோது பிறக்கும் நகை என இதனை இரண்டாகப் பகுத்துக் காட்டுவார். சிரிப்பவர் யார், சிரிப்புக்கு ஆளாகுபவர் யார் என்னும் வினா தமிழ் இலக்கணச் சிந்தனைக்குப் புதியதன்று என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது.

நகையோடு தொடர்புபடுத்திக் காண வேண்டிய வேறு மெய்ப்பாடுகளும் உள்ளன. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் இளிவரல் பிறக்கும். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும். கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் பெருமிதம் பிறக்கும். தறுகண் என்பது அஞ்சாமை.

வழக்கத்திற்கு மாறான உடலமைப்பு உடைய ஒருவரைக் காணும்போது சமூகம் பெரும்பாலும் மூன்று மெய்ப்பாடுகளையே வெளிப்படுத்துகிறது. எள்ளி நகுகிறது, அல்லது, இளிவரலோடு இரங்குகிறது, அல்லது, அவர் அன்றாட வேலையைச் செய்தாலே மருட்கை கொள்கிறது. இம்மூன்றிலும் அந்த மனிதர் காணப்படும் பொருளாகவே இருக்கிறார். பேசும் மனிதராக இருப்பதில்லை. அவரே பேசத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதற்கான விடையே நிதி கோயலைப் போன்ற கலைஞர்களின் வாழ்க்கை.

களரியிலும் திரையிலும்

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரச் சிற்றூர்களில் அறுவடைக்குப் பின்னும் திருவிழாக் காலங்களிலும் விடிய விடியத் தெருக்கூத்து நிகழும். அதில் கட்டியங்காரன் களரிக்கு வந்ததும் அவையில் சிரிப்பு எழும். அரசனாக வேடமிட்டவரையே கேலி செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. புராணக் கதைக்கு இடையே ஊர்ச் செய்தியை நுழைப்பான்; வல்லவர்களின் குறைகளை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வான். எளியவர் வலியவரை நோக்கி எள்ளும் நகைக்குக் கட்டியங்காரன் நல்ல சான்று. எனினும், அதே களரியில் குள்ளரையும் கூனரையும் திக்கிப் பேசுவோரையும் போல நடித்துச் சிரிப்பூட்டும் வழக்கமும் இருந்துவந்தது.

1930களில் சேலம் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், தென்னிந்தியாவின் பெரும் படப்பிடிப்பு நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1940இல் அங்கு உருவான 'உத்தமபுத்திரன்' படத்தில் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நடித்தனர். 'கலைவாணர்' எனப் போற்றப்படும் கிருஷ்ணன், சிரிப்பைச் சீர்திருத்தக் கருவியாக்கியவர். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்ற அவருடைய 'கிந்தனார்' கதாகாலட்சேபம், ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வியால் உயர்வதைக் கூறுவது. கதை சொல்பவர் ஒருவர் அவையைச் சிரிக்கவைத்துக்கொண்டே அதன் மனசாட்சியைத் தொட முடியும் என்பதை அது காட்டியது.

பிற்காலத் திரைப்படம் இவ்வழியையே முழுவதும் பின்பற்றியது எனக் கூற இயலாது. குள்ளமணி, குண்டு கல்யாணம் என உடலமைப்பே நடிகர்களின் பெயருக்கு முன்னொட்டாக ஆனது. கறுப்பு நிறமும், பருத்த உடலும், வழுக்கைத் தலையும், கண்பார்வைக் குறைபாடும் சிரிப்புக்கான ஆயத்தப் பொருள்களாயின. அந்நடிகர்கள் திறன் மிக்கவர்கள். குடும்பத்தைக் காக்கும் தொழிலாக அதனைச் செய்தவர்கள். ஆனால், அவர்களுக்குக் கிடைத்த உரையாடல்களில் சிரிப்பின் இலக்கு பெரும்பாலும் அவர்களின் உடலாகவே இருந்தது. திரையில் கேட்ட சொற்கள் மறுநாள் வகுப்பறையில் பட்டப்பெயர்களாக ஒலித்தன.

தனிநபர் நகைச்சுவை

கையில் ஓர் ஒலிவாங்கி. பின்னால் வெறும் திரை. வேடமில்லை, துணைநடிகர் இல்லை, இசை இல்லை. ஒருவர் தம் வாழ்க்கையையும் தாம் கண்ட உலகையும் நேரடியாக அவையோரிடம் பேசிச் சிரிக்கவைக்கும் கலையே 'ஸ்டாண்ட்-அப் காமெடி' எனப்படும் தனிநபர் நகைச்சுவை. இந்தியப் பெருநகரங்களில் இது 2000களின் இறுதியிலிருந்து விரைந்து பரவியது. தமிழிலும் இன்று இதற்கெனத் தனி அவையோர் உள்ளனர்.

இக்கலைக்கும் திரைப்பட நகைச்சுவைக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. திரைப்படத்தில் நடிகர் பேசும் உரையாடலைப் பெரும்பாலும் வேறொருவர் எழுதுகிறார். தனிநபர் நகைச்சுவையிலோ எழுதுபவரும் பேசுபவரும் ஒருவரே. தம் உடலைப் பற்றி என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்த இடத்தில் அவையைச் சிரிக்கவைப்பது, எந்த இடத்தில் அமைதியாக்குவது ஆகிய அனைத்தையும் கலைஞரே முடிவு செய்கிறார். இதனால்தான் உடலின் பெயரால் நெடுங்காலம் எள்ளப்பட்டவர்கள் இக்கலையைத் தமக்குரிய கருவியாகத் தேர்ந்தெடுத்தனர்.

ஓவியக் கனவும் ஒலிவாங்கியும்

மும்பையைச் சேர்ந்த நிதி கோயலுக்குச் சிறு வயது முதலே உருவப்பட ஓவியராக வேண்டும் என்பது விருப்பம். பதினைந்தாம் வயதில் அவருக்குக் கண்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அது பார்வையைப் படிப்படியாகக் குறைத்துச் செல்லும் நோய். இழந்ததை மீட்க மருத்துவத்தில் வழியில்லை. மனித முகங்களை வரைய விரும்பிய சிறுமி, முகங்களைக் காண இயலாத நிலையை நோக்கி நகர்ந்தார். பதினோராம் வகுப்பு மாணவர்களைவிடச் சற்றே இளைய வயதில் ஏற்பட்ட இம்மாற்றம் அவருடைய எதிர்காலத் திட்டம் முழுவதையும் மாற்றியது.

கல்வியைத் தொடர்ந்த அவர், எழுத்துத் துறையிலும் பின்னர் உரிமைப் பணியிலும் ஈடுபட்டார். மும்பையில் பெண்களுக்காக இயங்கும் 'பாயிண்ட் ஆஃப் வியூ' என்னும் அமைப்பில் மாற்றுத்திறனாளிப் பெண்களின் உரிமைகள் குறித்துப் பணியாற்றினார். அப்பணியில் ஓர் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. பெண்ணுரிமை பேசும் மேடைகளில் மாற்றுத்திறனாளிகள் மறக்கப்பட்டனர். மாற்றுத்திறனாளிகள் உரிமை பேசும் மேடைகளில் பெண்கள் மறக்கப்பட்டனர். இரண்டு மேடைகளுக்கும் இடையிலிருந்த இடைவெளியில் இலட்சக்கணக்கான பெண்கள் வாழ்ந்தனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடி பேர். அவர்களுள் பெண்கள் ஏறத்தாழ 1.18 கோடி பேர்.

பயிலரங்குகளிலும் கருத்தரங்குகளிலும் இவ்வுண்மையைப் பேசிவந்த நிதி கோயல், 2015இல் நகைச்சுவை மேடையில் ஏறினார். மாற்றுத்திறனாளியான முதல் இந்தியப் பெண் தனிநபர் நகைச்சுவையாளர் என அறியப்படலானார். பொதுமக்களின் தேவையற்ற இரக்கம், திருமணப் பேச்சில் மணமகளின் உடல் எடைபோடப்படும் முறை, மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கும் காதலும் குடும்பமும் பற்றிய விருப்பங்கள் உண்டு என்பதை ஏற்காத மனப்போக்கு ஆகியன அவருடைய மேடைப் பேச்சின் பொருள்கள். சொற்பொழிவில் சொன்னால் தலையசைத்து மறந்துவிடும் செய்தியை, சிரிப்பின் வழியே சொன்னால் கேட்பவர் வீடுவரை எடுத்துச் செல்கிறார் என்பதே இம்மேடையின் வலிமை.

சிரிப்பின் திசை திரும்பும் விதம்

இவ்வகை நகைச்சுவை எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். சேலம் பேருந்து நிலையத்தின் அருகிலுள்ள உணவகத்துக்குப் பார்வையற்ற பெண் ஒருவர் தோழியுடன் செல்கிறார். பரிமாறுபவர் அப்பெண்ணிடம் கேட்காமல் தோழியிடம், "இவங்களுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்கிறார். அப்பெண்ணே விடை சொல்கிறார்: "ஒரு ரவா தோசை வேணுங்க. காது வேண்டாம், அது ஏற்கெனவே ரெண்டு இருக்குது."

இதைக் கேட்போர் சிரிப்பர். அச்சிரிப்பு எதை நோக்கியது? பார்வையின்மையை நோக்கியதன்று. கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது, தம் உணவைத் தாமே தேர்ந்தெடுக்கவும் தெரியாது என்று எண்ணிய பேதைமையை நோக்கியது. தொல்காப்பியர் கூறிய நான்கு நிலைக்களன்களுள் இங்கு எள்ளலின் இடத்தைப் பேதைமை எடுத்துக்கொள்கிறது. பரிமாறியவர் தீயவர் அல்லர், உதவ நினைத்தவரே. அவரும் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியும். அடுத்த முறை வாடிக்கையாளரிடமே நேரே கேட்கவும் முடியும். ஒருவரைத் தாழ்த்தாமல் ஒரு தவற்றைத் திருத்துவது இந்நகையின் பயன்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். தம் உடலைப் பற்றித் தாமே வேடிக்கையாகப் பேசுவதும் தம்மை இழிவுபடுத்திக்கொள்வதும் ஒன்றல்லவா? இரண்டும் ஒன்றல்ல. பருத்த உடலுடைய மாணவர் ஒருவர், பிறர் கேலி செய்வதற்கு முன்பே தம்மைத் தாமே 'குண்டு' என்று சொல்லிச் சிரிக்கலாம். அது பெரும்பாலும் தற்காப்பு. வரப்போகும் அடியைத் தாமே மெல்ல அடித்துக்கொள்வது போன்றது. பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை நகையான, எள்ளப்பட்டவர் தாமே நகுதல் என்பதன் துயரம் மிக்க வடிவம் இது. ஆஸ்திரேலிய நகைச்சுவையாளர் ஹன்னா காட்ஸ்பி, 2018இல் பரவலாக அறியப்பட்ட தம் 'நானெட்' நிகழ்ச்சியில் இதனையே விவாதப் பொருளாக்கினார். ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்ட ஒருவர் தம்மைத் தாமே எள்ளிக்கொள்வது பணிவன்று, அது அவமதிப்பே என்பது அவர் முன்வைத்த கருத்து.

ஆகவே, ஒரு நகைச்சுவையை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. சிரிப்பு அடங்கிய பின், அவையில் எவருடைய மதிப்பு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவரின் உடல் மதிப்பிழந்திருந்தால் அது எள்ளல். ஒரு தவறான எண்ணம் மதிப்பிழந்திருந்தால் அது விழிப்பு.

மேடைக்கு வெளியே

நிதி கோயலின் பணி மேடையோடு முடிவதில்லை. 2017இல் அவர் 'ரைசிங் ஃப்ளேம்' என்னும் தொண்டு அமைப்பை மும்பையில் நிறுவினார். மாற்றுத்திறனாளிகள், சிறப்பாகப் பெண்களும் இளைஞர்களும், தம் குரலைத் தாமே ஒலிக்கச் செய்வதற்கான தலைமைப் பயிற்சிகளை இவ்வமைப்பு நடத்துகிறது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலமான 2020இல், ஊரடங்கின்போது மாற்றுத்திறனாளிப் பெண்கள் பட்ட இன்னல்களைப் பதிவு செய்து, 'சைட்சேவர்ஸ்' அமைப்புடன் இணைந்து அறிக்கையாக வெளியிட்டது. தொடுதல் வழியே உலகை அறிவோருக்கு 'எதையும் தொடாதீர்' என்னும் அறிவுரையும், உதவியாளரின்றி வெளியே செல்ல இயலாதோருக்கு 'விலகி நில்லுங்கள்' என்னும் அறிவுரையும் எத்தகைய சிக்கலைத் தரும் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வறிக்கையின் தேவை விளங்கும்.

பெண்களின் உரிமைகளுக்காகப் பன்னாட்டு அளவில் இயங்கும் 'அவிட்' என்னும் அமைப்பின் ஆட்சிக்குழுத் தலைமைப் பொறுப்பையும் அவர் வகித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட ஓர் இருக்கையில் அமர்வதோடு நில்லாமல், அனைவருக்குமான ஓர் அமைப்பை வழிநடத்தும் இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் அமர்ந்தார் என்பதே இதன் சிறப்பு.

வியப்பும் ஒரு சுவரே

எள்ளலும் இரக்கமும் தவறு என்பதைப் பலரும் ஏற்பர். வியப்பு எவ்வாறு தவறாகும்? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தவர் ஆஸ்திரேலிய நகைச்சுவையாளரும் இதழாளருமான ஸ்டெல்லா யங். அவர் 1982இல் விக்டோரியா மாநிலத்தின் ஸ்டாவெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். எலும்புகள் எளிதில் முறியும் பிறவிக் குறைபாட்டுடன் வாழ்ந்த அவர், சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார்.

அவர் பதினைந்து வயதுச் சிறுமியாக இருந்தபோது, ஊர்க்காரர் ஒருவர் அவருக்குச் சாதனையாளர் விருது பெற்றுத்தர விரும்பினார். மகள் தனிச் சாதனை எதையும் செய்யவில்லையே என்று பெற்றோர் வியந்தனர். அவர் பள்ளிக்குச் சென்றார், பாடம் படித்தார், தொலைக்காட்சி பார்த்தார். மற்ற பிள்ளைகள் செய்தவற்றையே அவரும் செய்தார். பின்னாளில் மெல்பர்ன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியப் பயிற்சியின்போது பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குச் சட்டப் பாடம் நடத்தினார். வகுப்பின் நடுவே ஒரு மாணவன் கையுயர்த்தி, உங்கள் சொற்பொழிவு எப்போது தொடங்கும் என்று கேட்டான். சக்கர நாற்காலியில் வருபவர் ஊக்கவுரை ஆற்றவே வருவார் என்று அவன் பழகியிருந்தான். அவர் பாடம் நடத்த வந்த ஆசிரியராக இருக்கக்கூடும் என்பது அவன் எண்ணத்தில் தோன்றவில்லை.

2014இல் சிட்னியில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் ஸ்டெல்லா யங் இந்நிகழ்வுகளை நகைச்சுவையோடு எடுத்துரைத்தார். மாற்றுத்திறனாளிகளைப் பிறருக்கு ஊக்கம் தரும் பண்டங்களாக மட்டும் காண்பதை மறுத்தார். ஒருவரை இயலாதவராக்குவது அவருடைய உடலைக் காட்டிலும் அவரைச் சூழ்ந்துள்ள சமூகமே என்பது அவர் வலியுறுத்திய கொள்கை. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தின் முன் எத்துணைப் புன்னகை புரிந்தாலும் அப்படிக்கட்டு சாய்தளமாக மாறிவிடாது. கட்டடத்தைத்தான் மாற்ற வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் 32ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கருத்து இன்றும் உலகெங்கும் பேசப்படுகிறது.

உடலேற்பு இயக்கம் மாற்றுத்திறனாளிகளோடு மட்டும் தொடர்புடையதன்று. பருத்த உடலுடையோர் வேலைவாய்ப்பிலும் பொது இடங்களிலும் சந்திக்கும் புறக்கணிப்பை எதிர்த்து 1969இல் அமெரிக்காவில் ஒரு தேசிய அமைப்பு உருவானது. டென்மார்க்கில் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற சோஃபி ஹேகன், 2015இல் எடின்பரோ விழாவில் சிறந்த புதுமுக நகைச்சுவையாளருக்கான விருதைப் பெற்றார். பருத்த உடலோடு மதிப்பாக வாழும் உரிமையைத் தம் மேடைகளிலும், 2019இல் வெளிவந்த தம் நூலிலும் முன்வைத்தார். உடலேற்பு என்பது மருத்துவத்தையோ உடற்பயிற்சியையோ மறுப்பதன்று. உடல்நலம் பற்றிப் பேச வேண்டிய இடம் மருத்துவமனை. அந்த உரையாடல் அவருக்கும் மருத்துவருக்கும் உரியது. வகுப்பறையிலோ பேருந்திலோ எவரும் ஒருவரின் உடலை அளந்து தீர்ப்புக் கூறும் உரிமை பெற்றிருக்கவில்லை என்பதே அதன் சாரம்.

சட்டத்தின் பார்வை

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் மதிப்பு சட்டத்தாலும் காக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, முன்னைய சட்டத்தில் இருந்த 7 வகைக் குறைபாடுகளை 21 வகைகளாக விரிவுபடுத்தியது. பொதுவெளியில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது, அச்சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதங்கள் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

திரைப்படம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகள் கேலிக்குரியோராகக் காட்டப்பட்டனர் என்னும் வழக்கில், 2024 ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நகைச்சுவைக் கலைக்கே வழிகாட்டக் கூடியது. மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையைப் பிறர் புரிந்துகொள்ளத் துணைபுரியும் நகைச்சுவை ஒரு வகை. அவர்களைத் தாழ்த்தி முடக்கும் நகைச்சுவை மற்றொரு வகை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய படைப்புகளில் அவர்களும் பங்கேற்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. சிரிப்பே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எத்தகைய சிரிப்பு என்பதைக் கேட்டது. மேடையில் நிதி கோயல் போன்றோர் செய்து காட்டியதற்கும் நீதிமன்றம் வகுத்துரைத்ததற்கும் இடையே உள்ள ஒற்றுமை எண்ணத்தக்கது.

தெரியுமா?

தமிழ்நாட்டில் அரசு ஆவணங்களிலும் பொது வழக்கிலும் இருந்த 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லுக்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் கொண்டுவரப்பட்டது. முன்னைய சொல் இல்லாததைச் சுட்டியது. பின்னைய சொல் இருப்பதைச் சுட்டுகிறது. ஒரு சொல்லை மாற்றுவதால் மட்டும் வாழ்க்கை மாறிவிடாது. எனினும், பார்க்கும் பார்வையைச் சொல் மாற்றுகிறது.

பெருமிதத்தின் நிலைக்களன்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலக்கால், ஐந்தாம் வயதில் பேருந்து விபத்தில் முழங்காலுக்குக் கீழ் நசுங்கியது. 2016இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி அவர் தங்கப் பதக்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்று, தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்றார்.

அவரை எவ்வாறு பாராட்டுவது? 'இந்தக் காலை வைத்துக்கொண்டு இவ்வளவு உயரமா!' என்பது மருட்கை. அதில் வியக்கப்படுவது கால். அவர் மேற்கொண்ட பயிற்சியையும், தாண்டும் நுட்பத்தையும், உலகின் தலைசிறந்த வீரர்களோடு மோதிய துணிவையும் அறிந்து பாராட்டுவது பெருமிதம். அதில் மதிக்கப்படுவது கல்வியும் தறுகண்ணும். ஒரு வீரரை வீரராகவும், ஒரு நகைச்சுவையாளரை நகைச்சுவையாளராகவும், ஓர் ஆசிரியரை ஆசிரியராகவும் மதிப்பதே உடலேற்பு கோருவது. நகைச்சுவை நன்றாக இல்லையென்றால் சிரிக்காமல் இருக்கும் உரிமையும் அவையோருக்கு உண்டு. இரக்கத்தால் எழும் கைதட்டல் எந்தக் கலைஞருக்கும் மதிப்பளிப்பதாகாது.

உருவத்தின் சிறுமை கண்டு ஒருவரை இகழலாகாது என்பதை வள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வைத்துக் கூறினார். பெருந்தேரைத் தாங்கி உருளச் செய்வது சிறிய அச்சாணியே என்பது அவர் காட்டும் உவமை. இக்கருத்தை அவர் இரக்கம் பற்றிய அதிகாரத்தில் வைக்காமல், செயலின் உறுதி பற்றிய அதிகாரத்தில் வைத்தது கருதத்தக்கது. அச்சாணிக்கு வேண்டுவது இரக்கமன்று. தேரில் அதற்குரிய இடம்.

ஒவ்வொரு வகுப்பறையிலும் உடலின் பெயரால் அழைக்கப்படும் மாணவர் ஒருவரேனும் இருப்பார். நெட்டை, குட்டை, குண்டு, ஒல்லி, கறுப்பு எனத் தொடங்கும் அப்பெயர்களைச் சூட்டியவர் பெரும்பாலும் நண்பரே; சூட்டியபோது தீய எண்ணமும் இருந்திராது. அப்பெயரைக் கேட்டு அம்மாணவரும் சிரிக்கக்கூடும். அச்சிரிப்பு மகிழ்ச்சியா, தற்காப்பா என்பதை அவர் ஒருவரே அறிவார். அவரை அவருடைய இயற்பெயரால் அழைப்பதற்குச் சட்டமோ மேடையோ பதக்கமோ தேவையில்லை. அடுத்த முறை அவரைக் கூப்பிடும் ஒருவர் அவ்வாறு அழைத்தாலே போதும்.